கீழவூர் நாற்றங்காலுக்கு நான் விடாத தண்ணீர்

கோமதி,

உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் எப்போதும் எழுதத் தொடங்குவேன். இந்தமுறை கேட்கவில்லை. கேட்டால் அதிலேயே தாள் நிறைந்துவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவேன். ஆறு வருஷமாக உனக்கு அப்படித்தான் எழுதிவருகிறேன். இதைத் தபாலில் போடாமல் வண்டிக்கார இசக்கிமுத்து கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. அது மறதி இல்லை. நீ படித்ததும் உன் மாணவிகளிடம் கொடு, அவர்களும் படிக்கட்டும். உதவி செய்யப் புறப்படுகிற பிள்ளைகளுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களின் முகாமுக்குப் போய் ஒரு மாதம் வேலை செய்ய வேண்டுமென்று உன் மாணவிகள் ஆசைப்படுகிறார்கள், தலைமையாசிரியை உன்னை அழைத்துப் போகச் சொன்னார், நீ மறுத்துவிட்டாய் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். காரணத்தை ஒரே வரியில் முடித்திருந்தாய்: "என் பேச்சை நம்பி இன்னொரு தடவை யாரும் எதையும் இழக்கக் கூடாது, அம்மா." அந்த வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி படித்தேன். கண்ணாடியில் குறை ஒன்றுமில்லை. கீழவூரில் உன் பேச்சு பொய்யாகவில்லை, கோமதி. அதைப் பொய்யாக்கியது நான். அதன்பிறகு உன் முகத்துக்கு நேரே ஒரு பொய்யும் சொன்னேன். இந்தக் கடிதம் முழுவதிலும் சொல்லப்போவது அவ்வளவுதான். ஆனால் அதை ஒரு வரியில் சொல்லி முடித்தால் நீ என்னை எளிதாக மன்னித்துவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், கோடை விடுமுறை முடியப்போகிற சமயம். நீயும் உன்னோடு படித்த பெண்களும் உங்கள் மிஸ்ஸும் நம் குற்றாலத்து வீட்டில் வந்து இறங்கினீர்கள். அதற்கு முந்தின வருஷம்தான் கால்வாய்த் தண்ணீருக்காக மேலவூர்க்காரர்களும் கீழவூர்க்காரர்களும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழவூரில் ஒருவன் செத்துப்போனான். கால்வாய்க் கரையில் போலீஸ்காரர்களுக்கு ஓலைக் கொட்டகை போட்டிருந்தது. வாத்தியார் பயந்து ஓடிவிட்டதால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. கீழவூர்ப் பெண்கள் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமென்றால் மேலவூர்த் தெருவைத் தாண்டித்தான் வரவேண்டும்; பிள்ளைத்தாய்ச்சிகூட வரப் பயந்தாள். நீங்கள் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் துணையாக நடப்பது என்று ஏற்பாடு. படித்த பெண்கள் கூட நடந்தால் யாரும் கை ஓங்கமாட்டார்கள் என்று உங்கள் மிஸ் நம்பினார். அது சரியாகவும் இருந்தது.

தங்க இடம் தேடியபோது நானே வலியப் போய் வீட்டைக் கொடுத்தேன். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? நான் படித்த கான்வென்டில் மதர் எங்களை ஏழைப் பிள்ளைகளுக்குத் துணி தைக்க உட்காரவைப்பார். என் தையல்தான் நேராக இருக்கிறது என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவார். அந்தப் பெருமைதான் இதுவும். ஈரச் சேலையை முன்வாசல் கம்பியில் போடக் கூடாது, தலை பின்னாமல் சாப்பிட உட்காரக் கூடாது, இலையில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்று உன் தோழிகளைப் படுத்தி எடுத்தேன். குரங்கு ஒன்று மிஸ்ஸின் சோப்பை எடுத்துக்கொண்டுபோய்ப் பலாமரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்துவிட்டு வாயெல்லாம் நுரையாக நம்மை முறைத்ததே, அன்றைக்கு ஒருநாள்தான் அந்த வீட்டில் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உன் மாணவிகளுக்காக ஒன்றை இங்கே விளக்க வேண்டும். கால்வாய் இரண்டு ஊருக்கும் பிரிகிற தலைமடை நம் நிலத்தில் இருக்கிறது. அதை அடைக்கிற பலகைகள் மடையில் கிடப்பதில்லை; தென்காசி வீட்டில் அரங்கு என்கிற உள்ளறையில் இருக்கும். மலையில் சாரல் பிடித்து முதல் தண்ணீர் இறங்கியதும் மடையைத் திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி வந்து வாசலில் நிற்பான். பலகைகளுக்கு மஞ்சள் பூசி நம் வீட்டார் ஒருவர் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் அடைப்பது, எந்தப் பக்கம் திறப்பது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். உன் அப்பா இருந்தவரை அவர் சொன்னார். அவருக்குப் பின் நான். வழக்கம் என்னவென்றால், கீழவூருக்குப் போகிற கிளையை அடைத்துவிட்டு மேலவூர் வயல்கள் எல்லாம் உழுது முடிகிறவரை தண்ணீர் மேலேயே நிற்கும். மேலவூர் வயல்களில் பெரும்பாலானவை நம்முடையவை. நல்ல மழைக் காலத்தில் மிச்சம் கீழே போகும். இல்லாவிட்டால் கீழவூருக்குக் கார் போகச் சாகுபடியே கிடையாது. வெட்டுக்குத்து நடந்தது இதற்காகத்தான். நீ அந்த வீட்டிலேயே பிறந்தவள். சின்ன வயதில் அந்தப் பலகைகளுக்கு மஞ்சள் பூசியவள். ஆனாலும் சண்டை ஏதோ இரண்டு ஊர்க்காரர்களின் சண்டை என்றுதான் நீயும் உன் தோழிகளும் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கவிட்டேன்.

ஒருநாள் உன்னைப் பார்க்க வண்டி கட்டிக் கீழவூருக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? மாடத்தி வீட்டு முற்றத்தில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டியைத் தூக்கிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். தலை அவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் மாடத்தி எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "வாங்க ஆச்சி. ஒங்க மவ இது ரெண்டாவது சட்டி. பெரிய வீட்ல பிள்ளைக்குச் சோறு போடமாட்டியளோ?"

அவள் புருஷன் சுடலை வேலி ஓரத்திலிருந்து, "ஏட்டி, சும்மா கெட. ஆச்சி வண்டியத் திருப்பிரப் போறாக" என்றான்.

"திருப்பட்டுமே. வண்டி மட்டுந்தான திரும்பும், கோமதி இங்கனதான் இருப்பா. என்னட்டி?"

நீ வாயில் கஞ்சியோடு சிரித்தாய். "ஆமாக்கா" என்றாய். என் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிக்கவிட்டதும் இல்லை. அந்த 'அக்கா' எனக்குத் தைத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் உன் தலை அவிழ்ந்து கிடந்ததைப் பற்றியே இசக்கிமுத்துவிடம் புலம்பிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது எல்லார் முன்னாலும் நீ கேட்டாய். இந்த வருஷம் சாரல் பிடித்ததும் ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே என்று முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல்லுங்கள் அம்மா, நீங்கள் சொன்னால் நடக்கும் என்றாய். உன் தோழிகள் எல்லாரும் கையை இலையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸும் பார்த்தார். "இதற்கென்ன, விட்டால் போகிறது" என்றேன். மிஸ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மதர் என் தையலைத் தூக்கிக் காட்டியது மாதிரி இருந்தது எனக்கு. மறுநாள் நீ போய்ச் சொன்னாய். கீழவூர்க்காரர்கள் முதலில் நம்பவில்லை. மிஞ்சியிருந்த விதைநெல்லை நாற்றங்காலில் பாவிவிட்டுத் தண்ணீர் வராமல் போனால் நாற்றும் இல்லை, அடுத்த பிசானப் போகத்துக்கு விதையும் இல்லை என்று சுடலை தயங்கினான். "பிள்ள சொல்லுதால்லா, பாவும்" என்று மாடத்திதான் அவனைத் தள்ளினாள். இதையெல்லாம் சாயந்தரம் வந்து என்னிடம் சொன்னவளே நீதான். விதை சேர்த்துவைக்கிற கோட்டைப் பெட்டியைத் திறந்து நெல்லை எடுத்தபோது அவர்கள் ஊர் முழுக்க வந்து நின்றதைச் சொன்னாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சாரல் பிடித்தது. நான் பலகை கொடுக்கத் தென்காசிக்கு வந்தேன். அதற்குள் மேலவூர்ப் பெரியவர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். "ஆச்சி, ஒரு சேதி கேள்விப்பட்டோம். இனிமே பெரிய வீட்டு மடைய காலேஜிப் பிள்ளைய தொறக்கப் போவுதாமே?" என்றார் ஒருவர். இன்னொருவர், "அய்யா இருந்தா இப்படிக் கேக்க வேண்டிய நெலம வந்திருக்குமா?" என்றார். அவர்கள் சத்தம் போடவில்லை. அழகாகத்தான் பேசினார்கள். அவர்கள் போனபின் நம் வீட்டுக் கணக்கப்பிள்ளை, "அம்மா, ஒரு வருசம் முற வச்சுட்டா அடுத்த வருசம் அது அவங்க பாத்தியதை ஆயிரும். அப்புறம் நாம மறுத்தா கோர்ட்ல நிக்காது" என்றார். நீர்பாய்ச்சி காத்துக்கொண்டிருந்தான். நான் பலகைகளை எடுத்துக் கொடுத்தேன். "எப்படிம்மா?" என்று கேட்டான். "வழக்கம்போல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான், கோமதி. பாத்தியதை போய்விடும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்த நிமிஷம் என் கண்முன் இருந்தது மாடத்தியின் முற்றமும் நீ சட்டியைத் தூக்கிக் குடித்ததும்தான். புருஷன் இல்லாத பெண்ணை மகள் ஆட்டுவிக்கிறாள் என்று மேலவூர் சிரிக்கக் கூடாது என்பதும் இருந்தது. இவற்றை எழுதும்போது இவ்வளவு சின்ன விஷயங்களா என்று தோன்றுகிறது. இவ்வளவு சின்ன விஷயங்கள்தான்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது. உன் தோழிகள் அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தார்கள். கிழக்கே கீழவூரில் மேகம் தலைக்குமேல் போகுமே தவிர இறங்காது, அங்கே தூசிதான். நாற்றங்கால் முளைத்து ஊசி ஊசியாக நின்று, பிறகு நுனி பழுத்து, பிறகு வைக்கோலானது. இன்று வரும் நாளை வரும் என்று நீ அவர்களைச் சமாதானப்படுத்தினாய். என்னிடம் கேட்டபோதெல்லாம் "சொல்லியாகிவிட்டது" என்றேன். கடைசியில் ஒரு பட்டப்பகலில் சுடலையும் இன்னும் நாலைந்து பேரும் கிளைவாயில் பலகையைப் பிடுங்கப் போனார்கள். மேலவூர்க்காரன் ஒருவன் அரிவாளை வீசினான். சுடலை பலகையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. அந்தக் கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் போயின. மேழி பிடிக்கிற கை.

நீதான் துணி சுற்றி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். ஊர் நடுவில் மாடத்தி உன்னை நிறுத்தி, "ஏட்டி, ஒன் வாய நம்பித்தான பாவுனோம்? இப்ப என் வீட்டுக்காரன் கையக் காணும், நெல்லக் காணும். வாயத் தொறந்து சொல்லுட்டி, யாரு தண்ணிய அடச்சது?" என்று கேட்டாளாம். ரத்தம் காயாத சேலையோடு வந்து என் முன்னால் நின்றாய். "நீங்க சொல்லலியா அம்மா?" என்றாய். கணக்கப்பிள்ளையும் அதே அறையில்தான் நின்றார். "நான் சொன்னேன். இவர்தான் மேலவூர்க்காரர்களுக்குப் பயந்து மாற்றிவிட்டார்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை நீ ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாய். மறுநாள் காலையில் பெண்கள் எல்லாரும் ரயிலேறிவிட்டீர்கள். அதன்பிறகு அவர் கையால் நீ ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. போன மாசியில் அவர் இறந்ததற்கும் நீ வரவில்லை. கடைசிவரை யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை என்பது அவர் சம்சாரம் என்னோடு பேசிய விதத்தில் தெரிந்தது. அந்த அம்மாள் நான் கொடுத்த புடவைக்கு நன்றி சொன்னாள்.

கான்வென்டில் சனிக்கிழமை சாயந்தரம் கிறிஸ்தவப் பிள்ளைகள் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். கனத்த முகத்தோடு உள்ளே போய், பந்து விளையாடப் போகிற முகத்தோடு வெளியே வருவார்கள். இதென்ன சுளுவான ஏற்பாடு என்று நாங்கள் சிரிப்போம். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கு அந்த மரத்தடுப்பும் பின்னால் முகம் தெரியாத ஒரு காதும் கிடைக்காதா என்று இருக்கிறது. கிடைத்தாலும் பயனில்லை. முகம் தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டிய கணக்கு இது.

அதனால் உன் கடிதம் வந்த வாரமே வண்டி கட்டச் சொன்னேன். இந்த வருஷச் சாரல் இன்னும் பிடிக்கவில்லை. பலகைகளை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு கீழவூருக்குப் போனேன். மாடத்தி வீட்டு முற்றம் அப்படியே இருக்கிறது. சுடலை இடது கையால் ஓலை முடைந்துகொண்டிருந்தான். நான் நின்றபடியே, அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்க, கிளையை அடைக்கச் சொன்னது நான்தான் என்றேன். கணக்கப்பிள்ளை இல்லை, மேலவூர்க்காரர்களும் இல்லை, நான் என்றேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவர்கள் ஏசட்டும் என்று காத்திருந்தேன்.

மாடத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதச் சொல்லவா ஆச்சி வண்டி கெட்டி வந்திய?" என்றாள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாம என்ன? பலக ஒங்க வீட்ல இருந்துதான வரும். பூன கொண்டாந்து போட்டிருக்கும்னா நெனப்போம்? ஊருக்கே தெரியும். ஒங்க மவளுக்குத்தான் தெரியாது."

"பிறகு ஏன் அவளை அப்படி ஏசினாய்?"

"வேற யார ஏச? நாங்க வந்து ஒங்க வாசல்ல நின்னு கேட்டா போலீசு வரும். அவ கேட்டா ஒங்களால பதில் சொல்லாம இருக்க முடியுமா? அவ வீட்ல போய்க் கேக்கட்டும்னுதான் நடுத்தெருவுல வச்சு ஏசுனேன். கேட்டுட்டு வருவான்னு பாத்தேன். அன்னைக்குப் போனவதான்." பிறகு வண்டிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ ஏன் ஆச்சி அப்புறம் வரவே இல்ல? எங்க கஞ்சி கசந்துபோச்சாமா?" என்றாள்.

"அவள் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள்" என்றேன்.

"அவ எதுக்கு வெக்கப்படுதா? துணி சுத்துனது அவதான?" என்றான் சுடலை. அவன் என்னைப் பார்க்காமல் ஓலையைப் பார்த்துத்தான் சொன்னான்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். மாடத்தி கையை நீட்டி நிறுத்திவிட்டாள். "பலகைய எறக்கி வச்சிட்டுப் போங்க. தண்ணிய நாங்க பாத்துக்கிடுதோம். மத்தத ஒங்க மவ வந்த பொறவு பாப்பம்" என்றாள். இறக்கி வைத்துவிட்டு வந்தேன். மேலவூரிலிருந்து இதுவரை இரண்டுமுறை ஆள் வந்துவிட்டது. கேஸ் போடுவார்களாம். போடட்டும். பலகையை நான் கொடுத்தேன், கொடுக்கிற உரிமை எங்கள் வீட்டுடையது என்று நீங்கள்தானே இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தீர்கள் என்றேன்.

ஆக, ஆறு வருஷமாக உன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. நீ தலைகுனிந்து திரிந்த அத்தனை நாளும் அந்த ஊர் உனக்காகக் காத்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது உனக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரை அடைத்தது பெரிய குற்றமா, இந்த ஒரு வார்த்தையை அடைத்து வைத்தது பெரிய குற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுடலையின் கைக்கு நான் பதில் சொல்ல முடியாது. உன் ஆறு வருஷத்துக்கும் முடியாது.

நீ முகாமுக்குப் போ. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போ. புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை, அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஷ்டப்படுகிறவர்களுக்கு மத்தியில் போய் நிற்பதற்கு முன்னால், எந்த வீட்டில் தங்குகிறீர்கள், யார் போட்ட சாப்பாட்டைச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் கஷ்டத்தின் பலகை அந்த வீட்டு அரங்கிலேயே இருக்கலாம். உங்களை உபசரிக்கிற அம்மாள் மிக நேர்த்தியாகச் சாம்பார் ஊற்றுவாள், தலை பின்னச் சொல்வாள், விட்டால் போகிறது என்பாள். அவள் சொன்னதை அப்படியே கொண்டுபோய் விதைநெல் வைத்திருப்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய், அவர்கள் முன்னால் அவள் வாயாலேயே சொல்லவையுங்கள். நீ அன்று செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். அம்மாவின் வார்த்தை என்று நம்பினாய். அதில் உன் பிழை இல்லை.

பயணத்துக்கு முன்னால் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. எந்த நாள் என்று இசக்கிமுத்துவிடமே சொல்லியனுப்பு; அன்று காலை ரயிலுக்கு அவன் தென்காசி ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பான். வண்டி நேரே கீழவூருக்குத்தான் போகும். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு; தலை பின்னாமலே இரு. திரும்பும்போது உன்னை ஸ்டேஷனிலேயே கொண்டுவந்து விடும்படி சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குத் திருப்பு என்று நீயாகச் சொன்னால் மட்டும் திருப்புவான். நீ சொல்லாமல் அவனாகத் திருப்பக் கூடாது என்று கண்டித்தும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா